பிளக்கைப் பிடுங்கும் மாப்பிள்ளை

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எண்ணிக்கை காதில் விழுந்ததும் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. இன்டர்நெட் பெட்டியின் பிளக் சுவரை விட்டுக் கழன்று மாப்பிள்ளையின் வலது கையில் இருந்தது. இடது கையை உயர்த்தி எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார். பெட்டியின் பின்னால் போன வாரம் அவரே ஒரு கறுப்பு டப்பாவைச் சொருகிவிட்டுப் போயிருந்தார். கரண்ட் போனாலும் அந்த டப்பா பெட்டியைக் கொஞ்ச நேரம் தாங்கும். எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். பதின்மூன்றில் பெட்டியின் விளக்குகள் அணைந்தன. உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த என் மகள் "அப்பா!" என்று அலறினாள். "பதிமூணுதான். போன வாரம் பதினாலு இருந்துச்சே," என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

இவர் என் தங்கையின் கணவர். எங்கள் வீட்டுக்கு மட்டும் என்றில்லை, யார் வீட்டுக்குப் போனாலும் இவர் கண் முதலில் போவது சுவரின் அடிப்பகுதிக்குத்தான். வீட்டுக்காரர் முகம் அதற்கப்புறம். எங்கே என்ன சொருகியிருக்கிறது, பிடுங்கினால் என்ன நிற்கும் என்று ஒரு பார்வையில் கணக்குப் போட்டுவிடுவார். சும்மா இருக்கச் சொன்னால் இருப்பார், ஆனால் கை முட்டியில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். என் மனைவி இப்போது இவர் வருகிறார் என்று தெரிந்தால் வீட்டிலுள்ள அத்தனை பிளக்குகளுக்கும் முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டு வைக்கிறாள்.

வயது நாற்பத்தாறு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய திருப்புளி. கையில் கடிகாரம் கிடையாது. "கடிகாரத்தைப் பார்த்தா விளக்கைப் பார்க்க முடியாது, விளக்கைப் பார்த்தா கடிகாரத்தைப் பார்க்க முடியாது. ரெண்டு கண்ணையும் ரெண்டு பக்கம் ஓட்ட நான் என்ன பல்லியா?" என்பார். அதனால் வாயால் எண்ணுகிறார். நான் ஒருமுறை கடிகாரத்தை வைத்துச் சோதித்தேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. இந்தப் பெருமையில் எங்கே போனாலும் எண்ணுகிறார். முடிதிருத்தும் கடையில், பஸ்ஸில், மருத்துவரின் அறைக்கு வெளியில், உதடு அசைந்தபடியே இருக்கும். பக்கத்தில் உட்காருபவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

ஒருமுறை ஏழு பேரோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கரண்ட் போய் நடு மாடியில் நின்றுவிட்டது. ஒரு அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் கூரையில் எரிந்த அவசர விளக்கைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாராம். கதவை நெம்பித் திறந்து ஆட்களை வெளியே இழுத்தபோது, இவர் மட்டும் வர மறுத்தார். "இருங்க, அது இன்னும் எரியுது," என்றாராம். இதை அவரே வந்து சிரிக்காமல் சொன்னார்.

என் பட்டறை ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. இரண்டு அறை. ஒன்றில் நான்கு பெண்கள் போர்டுகளில் ஈயம் பற்றவைக்கிறார்கள். இன்னொன்றில் மாப்பிள்ளை உட்கார்ந்து, பற்றவைத்ததைச் சந்தேகப்படுகிறார். நாங்கள் செய்வது தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்குக் காவல் இருக்கும் கருவி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜுக்குள் எத்தனை டிகிரி என்று பார்த்து மெமரி கார்டில் எழுதும். மருந்து கெட்டதா கெடவில்லையா என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. பதிவு இல்லையென்றால் மருந்து நன்றாகவே இருந்தாலும் ஊசியில் ஏற்றக் கூடாது.

போர்டு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதியில் நிற்கும். சில சமயம் அந்தக் கடைசி வரி மட்டுமல்ல, கார்டில் இருக்கும் மொத்தமும் பாழாகிவிடும். அதனால் கரண்ட் போனதும், எழுதியதை முடித்து, எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுத் தூங்கப் போக அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். மாப்பிள்ளையின் அளவுப்படி பத்தொன்பது விநாடி. அந்தப் பத்தொன்பது விநாடிக்கு அதற்குச் சோறு போடுவது யார், பேட்டரியா, கரண்டைக் கொஞ்ச நேரத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சூப்பர் கெப்பாசிட்டரா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மனிதர் எட்டு மாதம் எங்கள் உயிரை வாங்கினார்.

"பேட்டரி பொறுப்பில்லாத ஆளு, மச்சான். மொத வருஷம் அஞ்சு மணி நேரம் தாங்குறேன்னு சொல்லும். ரெண்டாவது வருஷம் கேட்டா அஞ்சு நிமிஷம். மூணாவது வருஷம் வயிறு வீங்கி மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். எந்த ஆஸ்பத்திரியில யாரு ஞாபகமா வந்து மாத்தப்போறாங்க?"

"அப்ப கெப்பாசிட்டரே போடுங்க, மாப்ள."

"அவசரப்பட்டா எப்படி? அது நாணயமான ஆளுதான். பத்து வருஷம் உழைக்கும். ஆனா ஒரு நிமிஷம் தாங்குறதே பெரிய விஷயம். அதுவும் போக, காலியா இருக்கும்போது கரண்ட் வந்தா ஒரே மடக்கா குடிக்கும். அடாப்டர் பயந்து படுத்துரும்."

"அப்ப பேட்டரியே போடுங்க."

"இவ்வளவு நேரம் நான் என்னதான் சொன்னேன்?"

இந்தப் பேச்சு வாரத்துக்கு மூன்று முறை நடக்கும். சொற்கள்கூட மாறாது. விற்பனையைப் பார்த்துக்கொள்பவன் நான். வாங்குபவர்களிடம் 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று சொல்லிச் சொல்லி என் நாக்கே தேய்ந்துவிட்டது. மாப்பிள்ளையோ பட்டறையின் பின்கட்டில் ஒரு பிஸ்கெட் டின்னில் மணலைக் கொட்டி, அதற்குள் வீங்கிப்போன பேட்டரிகளைப் புதைத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய ஒட்டுத்தாள். எந்தத் தேதியில் வாங்கியது, எந்தத் தேதியில் வீங்கியது. பொருள் வாங்க வரும் ஆட்களைக் கூட்டிப்போய் அந்த டின்னைத் திறந்து காட்டுவார். அவர்கள் பார்த்துவிட்டு, போன் வந்தது போலக் கிளம்பிவிடுவார்கள்.

பொய் சொல்லத் தெரியாது. தெரியாது என்றால் அந்த உறுப்பே கிடையாது. "இந்தக் கருவி எப்படி?" என்று ஒருவர் கேட்டால் நான் நல்லதைச் சொல்வேன், இவர் பக்கத்தில் வந்து நின்று கெட்டதைச் சொல்வார். "வெயில் நேரா விழுற ஜன்னல்ல வெச்சீங்கன்னா ஒண்ணரை டிகிரி தப்பாக் காட்டும்." அந்த மனிதர் ஜன்னலைப் பற்றிக் கேட்கவே இல்லை. தன் கையால் அளந்தது எதுவோ அதை மட்டும் சொல்வார், அளக்காததைச் சொல்ல மாட்டார். கேட்பதற்கு நல்ல குணமாகத்தான் இருக்கிறது. இந்தக் குணத்தோடு ஒரே வீட்டில் இருபது வருடம் குப்பை கொட்டுவது எப்படி என்று என் தங்கையைத்தான் கேட்க வேண்டும்.

தங்கை ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பதினேழு வருட வேலை, அவள் மேல் யாரும் ஒரு குறை எழுதியது கிடையாது. தடுப்பூசி ஃபிரிட்ஜின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். பகல் முழுவதும் அழும் குழந்தைகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வீட்டுக்கு வருவாள். வந்தால், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து அலமாரியில் கணவரின் சோதனைப் போர்டு ஒன்று சிவப்பு விளக்கும் பச்சை விளக்குமாக எரிந்துகொண்டிருக்கும். சிவப்பு எரிந்தால் கரண்ட் வருகிறது, பச்சை எரிந்தால் போர்டு விழித்திருக்கிறது. அந்தப் போர்டு சொருகியிருக்கும் அதே நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் அவளுடைய மேசை விளக்கு, செல்போன், துணி தேய்க்கும் பெட்டி எல்லாமே. மாப்பிள்ளை பிடுங்குவது அந்த நீளப் பெட்டியைச் சுவரில் சொருகியிருக்கும் தாய்ப் பிளக்கை.

பிடுங்கியதும் வீடு பாதி இருண்டுபோகும். இவர் எண்ண ஆரம்பிப்பார். ஐந்துக்குள்ளோ, எட்டுக்குள்ளோ, பன்னிரண்டுக்குள்ளோ அவள் எழுந்து வந்து பிளக்கைத் திரும்பச் சொருகுவாள்.

"ஐயோ, டெஸ்ட்டு போச்சு!" என்று இவர் கத்துவார்.

"என் இஸ்திரிப் பொட்டி ஆறிப்போச்சு," என்று அவளும் கத்துவாள்.

இவர் உடனே மறுபடி பிடுங்கி, இரண்டு விளக்கும் அணைந்து போர்டு முழுசாகச் சாகும்வரை பொறுத்திருந்து, பிறகு சொருகி, பச்சை வந்ததைப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவார். எல்லாவற்றையும் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். அவள் குறுக்கே வந்து கெடுத்த சோதனையை மட்டும் குறுக்காக அடித்து, பக்கத்தில் 'செல்லாது (மனைவி)' என்று எழுதிவைப்பார். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் செல்லாத மனைவி.

ஒரு வழியாக ஒரு திங்கள்கிழமை காலை பட்டறைக்கு வந்து, "கெப்பாசிட்டர்," என்று ஒரே வார்த்தை சொன்னார். கட்டைவிரல் தடிமனில் இரண்டு உருளைகள். நாற்பத்தொரு விநாடி தாங்கும், வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. அந்த நான்கு பெண்களும் கை தட்டினார்கள். நாற்பது கருவிகள் செய்து அடுக்கினோம். அனுப்புவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் நடைமுறையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று தங்கையின் ஆஸ்பத்திரியில் பொருத்தினோம். பெரிய டாக்டர் தயங்கினார். "எங்க வீட்டுக்காரர் செஞ்சது சார், நான் பொறுப்பு," என்று சொல்லி வாங்கி வைத்தவள் அவள்தான்.

மூன்றாவது வாரம் அது காலை வாரிவிட்டது.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி மூடினால் திங்கள்கிழமை காலை எட்டுக்குத்தான் திறக்கும். அவள் வந்து பார்த்தபோது ஃபிரிட்ஜ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கருவியில் பச்சை விளக்கு இல்லை. கார்டில் சனிக்கிழமை மதியம் இரண்டு பத்தோடு எழுத்து நின்றுபோயிருந்தது. நாற்பத்திரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரி இல்லை. மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். "புடுங்கிட்டு ஒரு நிமிஷம் கழிச்சுச் சொருகு," என்றார். சொருகியதும் ஒன்றும் நடக்காதது போலப் பச்சை எரிந்தது.

அன்று தடுப்பூசி போடும் நாள். வாசலில் கைக்குழந்தைகளோடு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். மருந்து முழுவதையும் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தாயிடமும் போய், இன்று இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று என் தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்த ஒருத்தி அவளைத் திட்டினாளாம். பத்தரை மணிக்குப் பெரிய டாக்டரின் கையெழுத்தோடு ஒரு காகிதம் வந்தது. சனிக்கிழமை கடைசியாகப் பூட்டிச் சென்றவர் நீங்கள், கருவியின் மின் இணைப்பைத் துண்டித்தது யார், ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும். விளக்கம் சரியில்லை என்றால் ஃபிரிட்ஜ் சாவி கை மாறும். பதினேழு வருடப் பெயரும் அதோடு போகும்.

"நான் தொடவே இல்லைங்க. சிவப்பு எரிஞ்சுது, பச்சை மட்டும் இல்ல," என்று அன்று வீட்டில் சொன்னாள்.

"சிவப்பு எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு அர்த்தம். கரண்ட் இருந்தா பச்சை எரிஞ்சே ஆகணும். நீ சரியாப் பார்த்திருக்க மாட்டே," என்றார் மாப்பிள்ளை. பக்கத்தில் நான் இருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன், என் தலையில்தான்.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் மாப்பிள்ளையையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கருவியைக் கழற்றி அங்கேயே வாங்கி வைத்திருந்தார்; தங்கையும் சுவரோரம் நின்றாள். மாப்பிள்ளை கருவிக்கு முன்னால் முழந்தாளிட்டு, பிளக்கைப் பிடுங்கி, எண்ணி, விளக்குகள் அணைந்ததும் சொருகினார். பச்சை வந்தது. பத்து முறை செய்தார். பத்து முறையும் பச்சை வந்தது. எழுந்து வந்து மேசைக்கு எதிரே என் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர், "அப்படின்னா கருவியில குறை இல்லைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் மேசைக்கடியில் மாப்பிள்ளையின் காலை உதைத்தேன்.

"ஏன் மச்சான் உதைக்கிறீங்க?" என்றார் சத்தமாக. பிறகு டாக்டரைப் பார்த்து, "பத்து தடவை பார்த்தேன் சார். வீட்டுல இருநூறு தடவைக்கு மேல பார்த்திருக்கேன். குறை எதுவும் தெரியல," என்றார்.

டாக்டர் என் தங்கை பக்கம் திரும்பினார். அவள் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குத் தெரியாத வரி ஒன்றுமில்லை. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அந்தக் கருவியைத் தூக்கி இவர் தலையில் போட்டிருப்பேன். படி இறங்கும்போது, "தெரியல, இன்னும் பார்க்கணும்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டேன். "பார்த்துட்டேனே மச்சான், பார்க்கலைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து தங்கை அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்குப் போன் வரும். "அண்ணா, குழாய் ஒழுகுதுன்னு உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க." மாப்பிள்ளை அவளுக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் அவருக்குப் போன் செய்து குழாயைப் பற்றிச் சொல்வேன். அவர், "கேட்டுச்சு மச்சான்," என்பார். எனக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை சமாதானம் பேசலாம் என்று போனேன். தங்கை சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். திங்கள்கிழமை கொடுத்தாக வேண்டும். நாலு தாள் கசங்கிக் கிடந்தது. செய்யாத தப்புக்கு என்ன விளக்கம் எழுதுவது? எழுதிய வரியிலேயே பேனா திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அலமாரிப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை தாய்ப் பிளக்குக்குப் போனது.

மேசை விளக்கு அணைந்தது. "ஒண்ணு... ரெண்டு..."

எட்டு என்றபோது தங்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். பிளக்கை அவர் கையிலிருந்து பறித்துச் சுவரில் சொருகினாள். விளக்கு வந்தது. சொருகியவள் வழக்கம்போலத் திரும்பிப் போகவில்லை. சுவரில் முதுகை அழுத்தி அங்கேயே நின்றாள்.

"இனிமே இதுல கை வச்சுப் பாருங்க," என்றாள். மூன்று நாளில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"டெஸ்ட்டு போச்சும்மா. கொஞ்சம் நகரு, ஒரே ஒரு தடவை புடுங்கிட்டு..."

"நகர மாட்டேன். உங்க டெஸ்ட்டு போனா போகட்டும். எனக்குப் போறது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை அவருக்கும் அவளுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் அவர் போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அவர் உதடு முதலில் வேகமாக அசைந்தது, பிறகு மெதுவாக அசைந்தது, பிறகு நின்றது. எனக்கு அவரைத் தெரிந்த இருபது வருடத்தில் அவராகவே பாதி எண்ணிக்கையில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"மச்சான். பச்சை எங்க?"

சிவப்பு விளக்கு தெம்பாக எரிந்துகொண்டிருந்தது. பச்சை இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தோம். வரவே இல்லை. தங்கை சுவரை விட்டு விலகி எட்டிப் பார்த்தாள்.

"நான் அன்னைக்குப் பார்த்தது இதுதான்," என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தார். தரையில் சம்மணம் போட்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பிறகு எனக்கு விளக்கினார், அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல். கரண்ட் போனதும் போர்டு தூங்கப் போகிறது. தூங்கிய போர்டை எழுப்ப ஒரே வழி, கரண்ட் அடியோடு நின்று மறுபடி வருவது. எட்டாவது விநாடியில் கரண்ட் திரும்பியபோது கெப்பாசிட்டர் இன்னும் காலியாகவில்லை. ஆகவே போர்டைப் பொறுத்தவரை எதுவும் நிற்கவுமில்லை, எதுவும் வரவுமில்லை. எழுப்ப ஆளில்லாமல் அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரித் தெருவில் கரண்ட் ஒரு கண் சிமிட்டுச் சிமிட்டியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

"அப்ப பேட்டரி போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"இதேதான். இன்னும் மோசம், அது சீக்கிரத்துல காலியாகவே ஆகாது."

"அப்ப எட்டு மாசம் எதுக்கு எங்க கழுத்தை அறுத்தீங்க?"

"போற கரண்டைப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருந்துட்டேன், மச்சான். வர்ற கரண்டைப் பத்தி யோசிக்கவே இல்ல. விளக்கு அணையாம நான் ஒரு தடவைகூடத் திரும்பச் சொருகினதில்ல." விரல் நோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. "இவ மட்டும்தான் சொருகியிருக்கா."

நின்று நிதானமாக எண்ணினார். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "அறுபத்து மூணு தடவை எனக்குக் காட்டியிருக்கே."

"அறுபத்து மூணு தடவை நீங்க என்மேல கத்தியிருக்கீங்க," என்றாள்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி திறந்ததும் நாங்கள் மூவரும் பெரிய டாக்டரின் அறையில் இருந்தோம். மாப்பிள்ளை அவர் கையிலேயே பிளக்கைக் கொடுத்து, பிடுங்கி எட்டு எண்ணிச் சொருகச் சொன்னார். பச்சை வரவில்லை. டாக்டர் நல்ல மனிதர்தான். "சரி, கருவிக் கோளாறுன்னு ஒரு வரி போதும்," என்றார். எனக்கும் அதுவே போதும் என்றுதான் பட்டது. நாற்பது கருவிகளும் கட்டி அடுக்கியிருக்கின்றன, ஊரெல்லாம் பரவினால் யார் வாங்குவார்கள்? ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு வரி எப்படிப் போதும்? இரண்டு பக்கம் எழுதினார். கருவியை வடிவமைத்தவன் நான். இந்தக் குறையை என் மனைவி அறுபத்து மூன்று முறை என் கண் முன்னால் காட்டியும் நான் அவற்றைச் செல்லாது என்று தள்ளிவிட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமை இதே அறையில் குறை இல்லை என்று நான் சொன்னது தவறு. தேதி, கையெழுத்து, கீழே போன் நம்பர். டாக்டர் அதைப் படித்துவிட்டு, தங்கைக்குக் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்கிக் குறுக்கே கோடு போட்டார்.

என் நாற்பது கருவிகளையும் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் அரிசி அளவு ஒரு சில்லைக் கூடுதலாகப் பற்றவைக்க வேண்டும். போர்டு தூங்கியபின் கரண்ட் இருப்பதைப் பார்த்தால், அதுவே ஒரு நொடி இணைப்பை வெட்டிவிட்டு மறுபடி கொடுக்கும். மூன்று வாரம் ஆயிற்று. வாங்க இருந்தவர்கள் போனில் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். எனக்கு மாப்பிள்ளை மேல் கோபம் வராமல் இல்லை. ஆனால் அன்று ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கும்போது தங்கை சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன்.  

அவள் அவரிடம் சகஜமாகப் பேச இன்னும் நான்கு நாள் ஆயிற்று. அதுவரை குழாய்ச் செய்திகள் என் வழியாகவே போயின.

மனிதர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பு பிடுங்குவது மட்டும்தான். இப்போது பிடுங்கிச் சொருகிப் பிடுங்கிச் சொருகுகிறார். எத்தனை விநாடியில் சொருகுவது என்று முன்கூட்டித் தெரியக் கூடாதாம். அதனால் ஒன்றிலிருந்து அறுபது வரை துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார். போன வாரம் எங்கள் இன்டர்நெட் பெட்டி பதினேழு முறை செத்துப் பதினேழு முறை பிழைத்தது. என் மகள் பரீட்சையென்றால் இப்போது தோழி வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

அந்தச் சீட்டு முறையிலும் அவருக்குத் திருப்தியில்லை. "சீட்டைப் பிரிச்சதும் எனக்குத் தெரிஞ்சுருதே, மச்சான். தெரிஞ்சா கை தயாராயிருது. நிஜக் கரண்ட் என்னைக் கேட்டுட்டா வருது?" என்று போன ஞாயிற்றுக்கிழமை மதியம் புலம்பிக்கொண்டிருந்தார். புதிய சில்லு வைத்த நாற்பதில் கடைசிக் கருவி அலமாரியில் இருந்தது. தங்கை மேசையில் சீருடையை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

தாய்ப் பிளக்கைப் பிடுங்கினார். துணி தேய்க்கும் பெட்டியின் விளக்கு அணைந்தது. அவள் நிமிர்ந்து முறைத்தாள். இன்னொரு சண்டைக்கு நான் தாளை மடித்தேன்.

அவர் எண்ணவில்லை. பிளக்கை வயரோடு இழுத்துக்கொண்டுபோய் அவள் கையில் வைத்தார். நோட்டை விரித்து மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார், பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு உதடுகளையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.